வளவில் பாளி

எனக்குக் கோபம் வந்தால் கணினியைத்தான் திட்டுவேன். பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒரு இயந்திரத்தைச் செய்வதற்கு முன்பே அதற்குள் காற்று எப்படி ஓடும், எங்கே சூடேறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் பிழைப்பு.

அப்படி ஒருமுறை வந்தது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றுக்கான சூட்டுக்குழாய். அடுப்பிலிருந்து காய் உலரும் அறைக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் இரும்புக் குழாய். வண்டன்மேட்டுப் பக்கம் என் அக்கா வேலை செய்யும் அதே ஸ்டோர். காய்த் தட்டுகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. மேல் தட்டை எட்டிப் பிடிக்க, குழாய் வளைகிற இடத்தில் ஒரு கையை ஊன்றியே ஆக வேண்டும். அந்த வளைவு கை பொறுக்கும் சூட்டில் இருக்குமா, இல்லை அதற்கு மேலே உறை போட வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். நான் இருக்கும்போது என்ன கவலை என்று எனக்கு ஒரே பெருமை.

இரும்பை ஒட்டி ஓடும் காற்றில் ஒரு மெல்லிய படலம் மட்டும் தயங்கித் தயங்கிப் போகும். எவ்வளவு சூடு இரும்புக்குள் இறங்கும் என்பது அந்தப் படலத்தின் கையில் இருக்கிறது. அதைப் பிடிக்க, கணினியில் குழாய்ச் சுவரை ஒட்டிப் பரோட்டா அடுக்கு மாதிரி மெல்லிய கட்டங்களாக வலை பின்ன வேண்டும். நேரான சுவரில் இது சுலபம். உள்பக்கம் குழிந்த வளைவில்தான் தொல்லை. ஒவ்வொரு இடத்திலிருந்தும் அடுக்குகள் நேராக எழும்பி வந்து நடுவில் முட்டிக்கொள்ளும். முட்டினால் மென்பொருள் சண்டை போடாது. அடுக்குகளைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டுப் பெரிய கட்டங்களால் இடத்தை நிரப்பிவிடும். படம் மட்டும் அழகாக வரும், அதில் சூடு குறைவாகத் தெரியும்.

வலை பின்னியது என்னோடு வேலை செய்யும், பாலக்காட்டுக்குப் பக்கத்துச் சித்தூர்க்காரர். அலுவலகத்தில் மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவோம். அடுக்குக்கு எங்கள் வாயில் மலையாளப் பெயர்தான், பாளி. “எல்லா இடத்திலயும் பாளி வந்துச்சா?” என்று கேட்டு அவருக்கு எழுதினேன். பதில் வந்தது: “நேரான இடம் ஓகே. வளவில் பாளி.”

மலையாளத்தில் வளவு என்றால் வளைவு; அங்கேயும் அடுக்கு வந்துவிட்டது என்று படித்துக்கொண்டேன். வலையைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. நான் பார்க்கவில்லை. கணக்கை ஓட்டினேன், படத்தில் வளைவு முழுக்கக் குளிர்ந்த நீலமாக வந்தது. உறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவையும் போனில் கூப்பிட்டு, “வளைவுல தைரியமா கை வை, சூடு தெரியாது” என்றேன்.

ஸ்டோரில் புதுக்குழாய்க்கு முதல் அடுப்பு மூட்டிய அன்று காலை டீ குடிக்கும்போது, வளைவில் எத்தனை அடுக்கு வந்தது என்று சித்தூர்க்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, அங்க எங்கீங்க அடுக்கு? பாளின்னுதான எழுதுனேனுங்க. பாளிப்போச்சுன்னு! நீங்க திரும்ப வலை போட்டுத்தான் கணக்கை ஓட்டுனீங்கன்னு நெனச்சேனுங்க.”

மலையாளத்தில் பாளி என்றால் அடுக்கு. சொதப்பிவிட்டது என்று சொல்வதற்கும் அதே பாளிதான். பிறந்ததிலிருந்து இரண்டு அர்த்தத்திலும் கேட்டு வளர்ந்தவள் நான். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை வேறு ஒரு பெண் எடுத்தாள். “கை வெந்துபோச்சு. ஜீப்புல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக” என்றாள்.

பஸ் மாறி மாறி இருட்டிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் வலது கை மணிக்கட்டு வரை கட்டு. விரல்கள் மடங்குமா என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அக்கா என்னைப் பார்த்ததும், “ஒண்ணுமில்லடி, என் கவனக்குறைவு” என்றாள். எனக்கு ஓங்கி அழ வேண்டும்போல இருந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

துணைக்கு இருந்தவள், போனை எடுத்த அதே பெண். அக்காவோடு தட்டு ஏற்றுகிறவள்.

“எங்கிட்டு இவ கவனக்குறைவு?” என்று அவள் சீறினாள். “அடுப்பு மூட்டும்போதே பயந்துபோயி அந்த வளைவுல நனைச்ச சாக்கைச் சுத்திக் கட்டுனேன். இவதான் அவுத்து வீசுனா. எந்தங்கச்சி கணக்குப் போட்டுச் சொல்லிட்டா, இங்க சாக்கு கட்டி அவளை அசிங்கப்படுத்தாதன்னு சொன்னா.”

“நீ சும்மா இருடி” என்று அக்கா அவளை அதட்டினாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அது எனக்குத் தெரியவே கூடாது என்று நினைத்திருக்கிறாள்.