அத்தையின் படத்துக்கு நான் ஒட்டிய பொட்டு

என் அத்தை வரைந்த படம் ஒன்று என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என் கல்யாணத்துக்கு அவள் கொடுத்தது. வருகிறவர்கள் அதை மெச்சும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும். அதற்கு முதன்முதலாக வந்த கிராக்கியை விரட்டியடித்தவள் நான்தான். அதற்காக அத்தை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பாவின் தங்கையான அத்தை, கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். அங்கிருந்த ஓவிய டீச்சர் மிச்சமான வண்ணங்களை அவளுக்குக் கொடுப்பார். ஊர் ஓவியக் கழகத்திலும் அவரே சேர்த்துவிட்டார். சீசனில் கழகத்தார் மியூசியத்தில் வைக்கும் கண்காட்சியில் அந்த வருடம் அத்தையின் படமும் இருந்தது. அம்மா எனக்கு எண்ணெய் வழியச் சடை பின்னி, வட்டமாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிட்டாள். எங்கள் ஊரான கூக்காலிலிருந்து வெள்ளனே பஸ் பிடித்துப் போனோம்.

பாடம் செய்த பறவைகளையும் ஜாடியில் ஊறிய பாம்புகளையும் தாண்டினால் படங்கள். ஏரி, ஏரியில் படகு, ஏரிக்கரையில் குதிரை என்று திரும்பிய பக்கமெல்லாம் ஏரிதான். கடைசிச் சுவரில், துடைப்பம் சாத்தியிருந்த மூலைக்குப் பக்கத்தில், அத்தையின் படம். ஓடையில் காலால் மிதித்துக் கேரட் கழுவும் ஒரு பெண்ணின் முதுகு. அது அம்மாவின் முதுகு.

"அழுக்குச் சேலையோடயா வரைவ?" என்றாள் அம்மா. ஆனால் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அப்பா சும்மா இருப்பாரா? "கேரட்டுக் கழுவுறத எவன் வாங்கி வீட்ல மாட்டுவான்?" என்று சிரித்தார்.

"யாருமே கேக்கலன்னா அடுத்த வருசம் வரையலண்ணே. சோலி கெடக்கு" என்று அத்தையும் சிரித்தாள். சிரித்தாளே தவிர, முந்தானையால் படத்தின் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விற்ற படத்தின் பெயர்ச் சீட்டில் கழகச் செயலாளரம்மா ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டுவார். பாதி ஏரிகளுக்குப் புள்ளி விழுந்துவிட்டது. அத்தையின் சீட்டு மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அப்பாவும் அம்மாவும் டீக்கடைக்குப் போக, அத்தை டீச்சரோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் பொட்டைப் பிய்த்து அந்தச் சீட்டில் அழுத்தி ஒட்டினேன். மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. யார் அளக்கப் போகிறார்கள்?

சற்று நேரத்தில் கண்ணாடி போட்ட ஒரு வெளியூர்ப் பெண் அந்தப் படத்தின் முன் வந்து நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

"எங்கம்மா முதுகு மாதிரியே இருக்குங்க. வித்துருச்சா?" என்று பக்கத்தில் வந்த அத்தையிடம் கேட்டார்.

செயலாளரம்மா எட்டிப் பார்த்தார். "இதுக்கு நான் டாட் ஒட்டவே இல்லையே! யார் ஒட்டுனது?"

அத்தை சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தேன் ஒட்டுனேன் மேடம். எங்க வீட்ல ஒரு ஆளுக்கு வேணுமாம்" என்றாள் அத்தை.

"ரூல்ஸ் தெரியாம எதுக்குக் கிளப்புக்கு வர்றீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் பிடிபிடியென்று பிடித்தார் செயலாளர். அத்தை தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்க மேடம்" என்றாள். கண்ணாடிக்காரப் பெண் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! ஒட்டியது நான், பேர் தட்டிக்கொண்டு போவது அத்தையா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மியூசியப் படியில் இறங்கும்போது அத்தை என்னை நிறுத்தி, தன் பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தாள்.

"நெத்தி வெறுமனே கெடக்கு பாரு. ஒங்கம்மா கேக்கப் போறா" என்று ஒரு பொட்டை ஒட்டிவிட்டாள்.

டீக்கடையில் அப்பாவிடம், "ஒரு அம்மா கேட்டுச்சுண்ணே. அவங்கம்மா முதுகு மாதிரி இருக்காம்" என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வருடமும் அத்தை வரைந்தாள், இன்னும் வரைகிறாள்.

பஸ் கிளம்பியபோது நான் அவளுக்கு டாட்டாகூடக் காட்டவில்லை. எனக்கு வேறு யோசனை. எங்கள் வீட்டில் அந்தப் படத்தைக் கேட்ட ஆள் யார்? அப்பாவாக இருக்காது. அம்மாவோ? கூக்கால் வந்து இறங்கும்வரை, அத்தை ஒட்டிய பொட்டைத் தடவிக்கொண்டே யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.