ஜெகதாப்பட்டினத்து ஏர்மாடு

'உன் குடும்பத்தின் பண்பாட்டை அறிந்துகொள்' என்று பள்ளியில் கண்காட்சி வைத்தால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்? ஸ்டேஷனரி கடைக்கு. அச்சடித்த சார்ட் அங்கே தயாராக இருக்கிறது: பொங்கல் பானை, கோலம், ஏர் உழும் மாடு.

உள்ளூர்ச் செய்திகளைத் தேதி போட்டு எழுதிவைக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. அதனால் சென்ற தை மாதம் ஜெகதாப்பட்டினத்துப் பள்ளியொன்றில், இப்படியொரு கண்காட்சிக்குப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி அழைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புச் சுவர் முழுக்க அதே மாடு. வெளியே மீனுக்கு ஐஸ் போடும் பிளாண்ட் இரைந்துகொண்டிருந்தது.

சார்ட்டை ஒட்டிக்கொண்டிருந்த மாணவியிடம் கேட்டேன்.

"ஒங்க வீட்ல மாடு இருக்காம்மா?"

"இல்லீங்க சார். மீன் புடிக்கிற போட்டுதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு மாடு?"

"கடையில போட்டுப் படம் இல்லீங்க சார்."

வீட்டு விசேஷங்களை எப்போது வைப்பீர்கள் என்றேன். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் என்றாள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த ஏற்பாடு.

"அக்காளுக்கு இப்பவே மாப்பிள்ளை அமைஞ்சிருச்சு சார். அப்பா தடைக்காலம் வரட்டும்னுட்டாங்க. போட்டு போற நாள்ல பந்தல் போட்டா யாரு வருவா?"

"எங்க தெருவுல பாதிப் பேருக்குக் காதுகுத்து மே மாசந்தான் சார்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "வெயில்ல அழுதே செத்தோம்."

இதை எழுது என்று முதல் பெண்ணிடம் சொன்னேன். சார்ட்டை உரித்து, பின்பக்கத்தில் அவள் மடமடவென்று எழுதினாள். வரப்போகும் அக்காள் கல்யாணம், முடிந்துபோன தம்பி காதுகுத்து, புதுவீடு புகுந்தது, எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்.

சமூக அறிவியல் ஆசிரியை வந்து படித்தார்.

"என்னங்க சார் இது? தடைக்காலம் கவர்மெண்ட் ஆர்டருங்க. அது எப்படிங்க பண்பாடாகும்?"

"ஆர்டர் அவங்க போட்டதுங்க. அதுக்குள்ள கல்யாணம் வச்சுக்கிட்டது இந்த ஊரு."

"எல்லாம் சரிங்க சார். விழாக்கள்னு தலைப்பு. பொங்கல் இருந்தா மார்க் போடலாம். இதுக்கு நான் என்னன்னு போடுறது?"

அரை மணி நேரம் பேசிப் பார்த்தேன். மீன் பிடிக்கிற ஊரில் உழவைப் பற்றிக் கேட்டு மார்க் போடுவதில் அவருக்கு ஒரு சங்கடமும் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் செலோடேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா?"

"நீங்க ஊருக்குப் போயிருவீங்க சார். மிஸ்தான மார்க் போடணும்."

எழுதிய பக்கத்தைச் சுவரோடு வைத்து, மாடு தெரியும்படி ஒட்டினாள்.