நடுவில் ஓட்டை வைத்த ராகி ரொட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஓர் இரும்புத் தவா கிடந்தது. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். கடையில் வாங்கியதல்ல, நான் செய்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் தொம்மலூரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் என் கை பட்ட கேட் ஒன்றாவது நிற்கும். கண்ணாடிக் கட்டடம் கட்டிய கம்பெனிக்காரர்களே படிக்கட்டுக் கம்பிக்கு என்னைத் தேடி வந்தார்கள். அந்தக் கை சொந்தமாகச் செய்த முதல் சாமான் இந்தத் தவா. இதைக் காட்டித்தான் பெண் கட்டினேன் என்று நாற்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வந்தேன்.

அப்போது ஒரு வெல்டிங் கடையில் கூலிக்கு இருந்தேன். பக்கத்துத் தெருப் பெண்ணைக் கேட்டுப் போனதும் மாமியார் முகத்துக்கு நேராகவே முடியாது என்றார். நெருப்புப் பொறியைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கண் போய்விடும், அப்புறம் என் பொண்ணுதான் கைபிடித்து நடத்த வேண்டும் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் மிஞ்சின தகட்டை வட்டமாக வெட்டி, கைப்பிடியைப் பற்றவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தை மாசத்துல வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் எப்போது போனாலும் "ஊட்டா ஆச்சா மாப்ளே?" என்று பாதிக் கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வெங்காயமும் சப்ஸிகே கீரையும் போட்டுப் பிசைந்த ராகி மாவை ஆறின தவாவிலேயே விரலால் தட்டி, அடுப்பில் ஏற்றுவார். ரொட்டியின் நடுவில் உள்ளங்கையளவு ஓட்டை இருக்கும். மற்ற வீடுகளில் எண்ணெய் விட விரல் நுனியளவுதான் ஓட்டை போடுவார்கள். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். எங்க அம்மா ஊர்ப் பக்கம் இப்படித்தான் என்றார். அவர் போன பிறகு தவா எங்கள் பரணுக்கு வந்தது.

போன மாதம் என் மனைவி வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டு. எனக்குச் சர்க்கரை, காலையில் ராகி ரொட்டிதான். நானே தட்டுகிறேன், இதென்ன மலையா என்று பரணிலிருந்து தவாவை இறக்கினேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஓட்டையில்லாமல் முழுசாகத் தட்டினேன். எண்ணெய் முழுவதும் ஓரத்துக்கு ஓடிவிட்டது. நடுவில் கரி, சுற்றிலும் பச்சை மாவு. இரண்டாவதும் அப்படியே. தவாவைக் கழுவி, குறுக்கே ஸ்கேலை வைத்தேன். ஊஞ்சல் மாதிரி ஆடியது. வெட்டின சூட்டில் தகடு அன்றைக்கே நடுவில் தொப்பை போட்டிருக்கிறது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுதா? அம்மா அன்னைக்கே பார்த்துட்டாங்க."

"அப்புறம் எதுக்குப் பொண்ணு கொடுத்தாங்க?"

"இவ்ளோ வாய் பேசறவனுக்கு, நீட்டும்போது கை நடுங்குச்சுடி. அது போதும்னாங்க."

சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் மேடு இறங்கிவிடும். எனக்கு அது ஒரு வேலையே இல்லை. சுத்தியலை எடுக்கவும் செய்தேன், திரும்ப வைத்துவிட்டேன். மூன்றாவது ரொட்டியை மேட்டில் ஓட்டை விட்டுச் சுற்றித் தட்டினேன். ஒரே பதமாக வெந்தது.

தவா இப்போது பரணில் இல்லை, அடுப்பின் மேலேயே இருக்கிறது. நேற்று வந்த சம்பந்தி ரொட்டியைத் தூக்கிப் பார்த்து, நடுவில் என்ன இவ்வளவு பெரிய ஓட்டை என்றார். தவாவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எங்கள் மாமியார் வீட்டு வழக்கம் என்றேன்.