‘அட்ஜசன்ட்’ என்ற சொல்லும் வேலுப்பிள்ளையும்

நாவலப்பிட்டியிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிவரும் கருப்பையாதான் செய்தியைக் கொண்டுவந்தார். வண்டியை எங்கள் கண்டி அலுவலக வாசலில் நிறுத்தி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, “ஐயா, நம்ம வேலுப்பிள்ளை ஐயா போயிட்டாருங்க. மூணு நாள் காய்ச்சல், அவ்வளவுதாங்க” என்றார்.

அன்று மாலை கண்டிக் கடைத்தெருவில் அவரைத் தெரிந்த நாலு பேர் கூடி நின்றோம். “தங்கமான மனுஷன். என்ன, வேலையில கொஞ்சம் கவனம் பத்தாது. அதனாலதானே இங்கேயிருந்து மாத்தினாங்க” என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்படி ஆட்டியதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அரசு தன் காடுகளைக் கோப்பி பயிரிட விற்கும்போது, ஆங்கில அறிவித்தலைத் தமிழாக்கி ஊரில் ஒட்டச் செய்வது எங்கள் வேலை. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் தலைமை மொழிபெயர்ப்பாளர். நான் இரண்டாமவன். வயது இருவருக்கும் ஒன்றுதான், மேசைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். ‘அட்ஜசன்ட்’ என்ற சொல் இல்லாமல் ஓர் அறிவித்தலும் வராது. நான் ‘அடுத்த’ என்று எழுதிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். அவரால் அப்படிப் போக முடியாது. சைவப்பழமான அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை லத்தீன் படித்த பாதிரியாரைத் தேடிப்போய்க் கேட்டுவந்தார்.

“அது லத்தீன் சொல்லாம். பக்கத்திலை கிடக்கிறது எண்டு அர்த்தம். தொட்டுக்கொண்டு கிடக்க வேணுமெண்டில்லை. எது கிடக்குது, எங்கை கிடக்குது எண்டு போய்ப் பாத்தால்தானே எழுதலாம்?” என்றார். பாதிரியார் இன்னும் கொஞ்சம் அவிழ்த்துவிட்டிருந்தார். ‘நியர்’ என்பது ஆதியில் ‘இன்னும் கிட்ட’ என்றும், ‘நெக்ஸ்ட்’ என்பது ‘எல்லாவற்றிலும் கிட்ட’ என்றும் இருந்தனவாம். என் மேசையைத் தட்டி, “அப்ப நீர்தான் எனக்கு நெக்ஸ்ட்” என்று சிரித்தார். வெற்றிலைக் காவி படிந்த அந்தச் சிரிப்பை இனி எங்கே பார்ப்பேன்!

பேச்சோடு நிற்கிற ஆளில்லை அவர். குடையும் கட்டுச்சோறுமாக நடந்துபோய்க் காணியின் நாலு பக்கத்தையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். தொலைவில் உள்ள புசல்லாவை ஊர் நாய்கள்கூட அவரைக் கண்டால் குரைப்பதை விட்டிருந்தன. “காணாத காணிக்கு எல்லை சொல்லப்படாது” என்பார். நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு மழைக்காலம். மடுல்கெல்லப் பக்கம் ஒரு துண்டுக் காடு விற்பனைக்கு வந்தது. அவருக்குக் காலில் வீக்கம், நடக்க முடியவில்லை. என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார். மழைக்கும் அட்டைக்கும் பயந்து நான் கண்டியிலேயே இரண்டு நாள் மைத்துனன் வீட்டில் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் ‘தோட்டத்துக்கு அடுத்த வெறுங்காடு’ என்று எழுதி நீட்டினேன்.

“போய்ப் பாத்தனீரோ?”

“பார்த்தாச்சுங்க.”

வேறொன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து ஈரச் சேலையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பேச்சி என்று பெயர், அந்தத் தோட்டத்துக் கூலிக்காரி. “ஐயா, வெறுங்காடுன்னு ஒட்டியிருக்காங்களாம். எம்புள்ளைங்க ரெண்டும் அங்கதானுங்க கெடக்குது. எங்க லயத்து வீடுங்கள்ல செத்தவங்க எல்லாரையும் அங்கதானுங்க பொதைச்சோம். அத வெட்டிக் கோப்பி வச்சா நாங்க எங்கிட்டுப் போயி அழுவோம்?” என்றாள்.

வேலுப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரு தரம்தான். பிறகு வீங்கிய காலோடு குடையை எடுத்துக்கொண்டு அவளோடு புறப்பட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் திரும்பியவர், சேற்றுக் காலோடு நேரே எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் போனார். காட்டுக்குள் புதைகுழிகள் இருக்கின்றன, கல் நட்டிருக்கிறார்கள், பார்க்காமல் கையெழுத்திட்டது தன் பிழை என்று எழுதியே கொடுத்தார். என் பெயர் அந்தக் கடிதத்தில் இல்லை.

அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றக் காட்டை விற்றார்கள். பேச்சியின் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் கிடக்கிறார்கள். வேலுப்பிள்ளையைப் பதவியிறக்கி நாவலப்பிட்டிக்கு அனுப்பினார்கள். அவருடைய பதவியும் கதிரையும் எனக்கு வந்தன. நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அவர் புறப்பட்ட காலை வண்டியடியில் நின்று, “நான் துரைகிட்ட சொல்லிடுறேங்க” என்றேன். சொல்ல மாட்டேன் என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். “உமக்கு நாலு பிள்ளையள். கையெழுத்து என்ரை, பிழையும் என்ரைதான். இனிமேல் எண்டாலும் போய்ப் பாரும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு காணியையும் காணாமல் எழுதவில்லை. ஊரில் என்னைக் கவனமானவன் என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும், ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

அவரை அறிந்தவர்களே, அந்த அறிவித்தலைப் பார்க்காமல் எழுதியவன் நான். பார்த்தேன் என்று பொய் சொன்னவனும் நான்தான். அவர் செய்த ஒரே தவறு என்னை நம்பியது. அவர் நினைவாக என்னிடம் ஒரு புத்தகமோ குடையோ இல்லை. சாகும்வரை அவர் சுமந்த என் பிழைதான் இருக்கிறது. அதை இன்று என் பெயருக்கு எடுத்துக்கொள்கிறேன்.