கருவி யார் கையில்

கெட்டில் க்ரீக் காட்டில் யாராவது வழி தவறினால், மீட்புக் குழுத் தலைவர் ட்வைட் ஸ்கார் முதலில் கூப்பிடுவது ஆர்லெட் ஃபாஸமைத்தான். பல வருடங்களாக அப்படித்தான். ஆர்லெட் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டிய வயது, உரத்த குரல். கடைசி இருக்கையில் எவன் எவளைக் கிள்ளினான் என்று கண்ணாடியைப் பார்க்காமலே அவள் சொல்லிவிடுவாள் என்று பிள்ளைகள் நம்பினார்கள். காட்டிலும் அவளைப் பற்றி ஏறக்குறைய இதே நம்பிக்கைதான். கழுத்தில் சாம்பல் நிற ஜி.பி.எஸ். கருவி ஒன்று தொங்கும். சில பொத்தான்கள், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய திரை, விரிசலின்மேல் பச்சை டேப். அவள் முன்னால் நடப்பாள். இரண்டடி பின்னால் லாயிட் ஹௌகன் வருவான்.

குழுவில் யாரும் தனியாகக் காட்டுக்குள் போகக் கூடாது, ஜோடி ஜோடியாகத்தான். ஆர்லெட்டுக்கு லாயிட், லாயிட்டுக்கு ஆர்லெட். லாயிட் வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று பேசுவான். "என் புருஷனோட நனைஞ்சதைவிட லாயிட்டோட நனைஞ்சதுதான் அதிகம்" என்று ஆர்லெட் எல்லார் முன்னாலும் சொல்லுவாள். அவள் கணவன் ரே உட்பட எல்லாரும் சிரிப்பார்கள். அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்று ஊருக்குத் தெரியும். ஒருவர் மூச்சு வாங்குவதை வைத்தே அடுத்தவர் தண்ணீர்ப் புட்டியை நீட்டும் பழக்கம், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில்தான் கொரின் ப்ளை வந்து சேர்ந்தாள். டென்வரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். எங்கள் ஊர் க்ளினிக்கில் வேலைக்கு வந்த கையோடு மீட்புக் குழுவிலும் பெயர் கொடுத்தாள். அவளோடு ஒரு ஆரஞ்சு நிறக் கருவியும் வந்தது. உள்ளங்கை அகலத் திரை. விரலால் தொட்டால் போதும். மலை பச்சையாகவும் ஓடை நீலமாகவும் தெரியும். செல்போன் கோபுரமே இல்லாத பள்ளத்தாக்கிலிருந்தும் அதில் சேதி அனுப்பலாம். முதல் கூட்டத்தில் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள், பிரசவ வார்டுக்குக் குழந்தை பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி. ஆர்லெட்டும் எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்க்க ஆசைப்பட்டாளோ அதில் பாதி நேரம்தான் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணில போட்டா மிதக்குமா?"

"தெரியலையே. போட்டுப் பார்க்கலாமா?" என்று கொரின் சிரித்தாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. ஆர்லெட்டுக்கு அதுவே ஒரு குற்றமாகப் பட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் கணினி முன் உட்கார்ந்தாள். கருவிகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அந்த ஆரஞ்சுக் கருவியை எங்கேயாவது யாராவது திட்டியிருக்கிறார்களா என்று தேடினாள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லாரும் அவளுக்கு அந்த நேரத்தில் உறவினர்கள் ஆனார்கள். 'மழையில் திரை தானாக அலைகிறது' என்று யாரோ எழுதியிருந்ததை ரேயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினாள்.

"நீ வாங்கப் போறியா?" என்று கேட்டான் ரே.

"சே, யாருக்கு வேணும்!"

ஒரு சனிக்கிழமை ஆர்லெட் பள்ளிக் கால்பந்து அணியைப் பக்கத்து மாவட்டத்துக்கு ஏற்றிப்போக வேண்டியிருந்தது. அன்று பார்த்து ஒரு கிழவர் காளான் பறிக்கப்போய்த் திரும்பவில்லை. லாயிட் கொரினோடு போனான். மதியத்துக்குள் கிழவரைக் கூட்டி வந்துவிட்டார்கள். சரி, அவசரத்துக்குப் போனான் என்று ஆர்லெட் நினைத்தாள். அடுத்த பயிற்சியிலும் லாயிட் கொரினோடு நின்றான். அதற்கடுத்த முறையும் அப்படியே. ஆர்லெட்டுக்கு ஜோடியாகக் குழுவிலிருந்த டிபெட்ஸ் என்பவன் கிடைத்தான். பேசிக்கொண்டே நடப்பான், நின்றால் இன்னும் பேசுவான். தூரத்தில் ஆரஞ்சுத் திரைமேல் இரண்டு தலைகள் குனிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் டிபெட்ஸ் சொல்வதைக் கேட்காமலே தலையாட்டினாள்.

நவம்பரில் மாவட்டத்திலிருந்து பணம் வந்தது. ஆளுக்கொரு கருவியாகக் கொண்டுவராமல், குழுவுக்கே ஒரே மாதிரியாக ஆறு வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்குவது என்று கூட்டத்தில் சத்தம் கிளம்பியதும் ட்வைட் மேசையைத் தட்டினார்.

"ஆர்லெட், நீ பாதை போடு. ஒரு ஜோடி கையில கொரினோட தொடுதிரை. இன்னொரு ஜோடி கையில பொத்தான் வச்ச புது மாடல், கடைக்காரன் இரவல் தரேன்னிருக்கான். காட்டுல நாலு டின் ஒளிச்சு வை. எது ஒழுங்கா கொண்டு போய் விடுதுன்னு பார்ப்போம். தீர்ப்பு உன்னோடது."

"நான் சொன்னா நியாயமா இருக்குமா?"

"நியாயமா இருக்காது. ஆனா சரியா இருக்கும்" என்றார் ட்வைட். எல்லாரும் சிரித்தார்கள். லாயிட்டும் சிரித்தான்.

எல்க் மான் வேட்டைக் காலம் முடிந்த வாரம் அது. ஆர்லெட்டின் கார் கொட்டகையில் அவள் சுட்ட மான் இன்னும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறைச்சியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நான்கு காப்பி டின்களை எடுத்துக்கொண்டு ரேயுடன் காட்டுக்குப் போனாள். தேவதாரு மரங்கள் நெருக்கி நிற்கும் சரிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அங்கே வானம் ஒரு கைக்குட்டை அளவுதான் தெரியும். ஒவ்வொரு டின்னையும் வைத்ததும் தன் சாம்பல் கருவியில் அந்த இடத்தின் எண்ணைக் குறித்தாள். பனியும் மழையும் கலந்து கொட்டும் என்று வானிலையில் சொன்ன சனிக்கிழமையைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தாள். கையுறையைக் கழற்றக் கூடாது என்று ஒரு விதியும் போட்டாள். வெயில் நாளில் எந்தக் கருவியும் நல்ல கருவிதான், ஆட்கள் தொலைவது வெயில் நாளில் அல்லவே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்கூட. பொறாமைக்கு இப்படிப்பட்ட உண்மையான காரணங்கள் கேட்காமலே கிடைத்துவிடுகின்றன.

சோதனை நாளில் வானம் அவள் பக்கம் நின்றது. சாலையோரம் தன் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மடியில் வாக்கிடாக்கியோடு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் லாயிட்டும் கொரினும் தொடுதிரையோடு போனார்கள். மறுபக்கம் ட்வைட்டும் டிபெட்ஸும் பொத்தான் கருவியோடு போனார்கள். இரண்டு ஜோடிக்கும் அவள் கொடுத்தது ஒரே நான்கு எண்கள்.

முதலில் வந்தது கொரினின் குரல். "ஆர்லெட், திரை என்னமோ பண்ணுது. மழைத்துளி விழ விழ தானா பெருசாகுது, சின்னதாகுது. இப்ப கனடாவைக் காட்டுது!"

"அப்ப கனடாவுக்குப் போங்க" என்றாள் ஆர்லெட். இவ்வளவு ருசியாக அவள் காப்பி குடித்து வெகுநாள் ஆயிற்று.

சிறிது நேரம் கழித்து மறுபடி கொரின். "இடத்துக்கு வந்துட்டோம்னு சொல்லுது. டின்னைக் காணோம்."

"நல்லாத் தேடுங்க. மரத்தடில பாருங்க."

"இங்க மரமே இல்லையே. சதுப்பா இருக்கு. முழங்கால் வரைக்கும் சேறு."

சதுப்பா? அவள் சதுப்பில் டின் எதையும் வைக்கவில்லை. கொரினின் கருவி ஏமாற்றிவிட்டது! ஆர்லெட் டேஷ்போர்டில் தாளம் போட்டாள். அப்போதுதான் ட்வைட்டின் குரல் கேட்டது.

"ஆர்லெட், நாங்களும் சதுப்புலதான் நிக்கறோம். எதிர்ல லாயிட் தெரியறான். டிபெட்ஸோட ஒரு பூட்ஸ் உள்ள போயிடுச்சு."

"என் அண்ணன் பூட்ஸ் அது!" என்று பின்னாலிருந்து டிபெட்ஸ் கத்தினான்.

இரண்டு வேறு கருவிகளும் ஒரே தப்பான இடத்துக்குப் போயிருக்கின்றன. தாளம் போட்ட விரல் நின்றது. ஆர்லெட் தன் கருவியை எடுத்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பார்த்ததும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அவள் வேட்டைக்கு எடுத்துப்போகும் காகித வரைபடங்கள் பழையவை. அவற்றின் எண்கள் பழைய அளவையில் அச்சானவை. செயற்கைக்கோள்கள் பேசுவது புதிய அளவை. ஒரே எண்ணுக்கு இரண்டிலும் இடம் வேறு. இரண்டு கால்பந்து மைதானத் தொலைவு தள்ளி விழும். அதனால் ஒவ்வொரு வேட்டைக் காலத்திலும் கருவியைப் பழைய அளவைக்கு மாற்றுவாள், முடிந்ததும் முதல் வேலையாகத் திருப்பிவிடுவாள். இந்த வருடம் திருப்பவில்லை. கொரினை மழையில் நனைக்கும் அவசரத்தில் மறந்துபோனாள். டின்கள் எல்லாம் சதுப்புக்கு வடக்கே, மேட்டில் இருந்தன.

வாக்கிடாக்கியை வாய்க்கருகே கொண்டுவந்தாள். பொத்தானை அழுத்த வேண்டும். 'தப்பு என்னோடது' என்று சொல்ல வேண்டும். கொரின் கேட்டுக்கொண்டிருப்பாளே! கட்டைவிரல் அழுத்த மறுத்தது.

"கிடைச்சிருச்சு" என்றது லாயிட்டின் குரல். மூச்சு வாங்கியது. "மேட்டு மேல, விழுந்து கிடக்கற மரத்துக்குப் பின்னாடி." பிறகு மெதுவாக, எல்லார் காதிலும் விழும்படி, "ஆர்லெட்... எல்க் சீசன் முடிஞ்சிருச்சும்மா."

ட்வைட் சிரித்த சிரிப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. மழை வலுக்கவே மிச்ச டின்களை அப்படியே விட்டுவிட்டு வரச் சொன்னார்.

குழு கூடும் தீயணைப்புக் கொட்டகையில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி கொதித்துக்கொண்டிருந்தது. டிபெட்ஸ் ஒற்றைக் காலில் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தான். ஆளாளுக்கு ஆர்லெட்டை வாரினார்கள்.

"அடுத்த தடவை தொலைஞ்சவன்கிட்ட கேட்கணும்பா, நீ பழைய அளவையில தொலைஞ்சியா, புதுசுலயான்னு!"

"சரி, சரி. தீர்ப்பைச் சொல்லு" என்றார் ட்வைட்.

ஆர்லெட் எழுந்தாள். முகம் சூடாக இருந்தது. "தப்பான இடம்னாலும் ரெண்டும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டு போயிருக்கு. இடம் காட்டறதுல வித்தியாசம் இல்ல. மழையில, கையுறையோட, பொத்தான்தான் வேலை செய்யும். சாதா பேட்டரி, வழியில மாத்திக்கலாம். ஆனா சேதி அனுப்ப ஆரஞ்சுதான். திரையும் பெருசு, என் வயசுக் கண்ணுக்குத் தெரியுது." கடைசி வாக்கியத்தைக் கொரினைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்ப ஆறும் பொத்தான்லயே வாங்குங்க" என்றாள் கொரின். "என்னோடது இருக்கே, சேதிக்கு அது போதும். நீங்க சொல்றது சரி ஆர்லெட். இன்னைக்கு அதை ஓடையில வீசியிருப்பேன், லாயிட் விடல."

ஆர்லெட் ஜெயித்துவிட்டாள். ஆனால் ஒரு கரண்டி சில்லிகூட இறங்கவில்லை. ட்வைட் குளிர்கால ஜோடிகளைச் சொல்லிக்கொண்டே வந்து நிமிர்ந்தார். "லாயிட், நீ?"

லாயிட் கிண்ணத்தைப் பார்த்தபடி, "கொரினோடயே இருக்கேன்" என்றான்.

அவன் லாரிக்குப் போகும்போது ஆர்லெட் பின்னாலேயே போனாள்.

"என்ன, திரை பெருசுன்னா?"

"திரை இல்ல ஆர்லெட்."

"பின்ன என்ன? அந்த டென்வர் சிரிப்பா?"

லாயிட் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றான். "அவ என் கையில கொடுக்கறா."

"எதை?"

"கருவியை. 'இந்தா லாயிட், நீ கூட்டிட்டுப் போ'ங்கறா. இத்தனை வருஷம் உன் முதுகைப் பார்த்துட்டே நடந்திருக்கேன். உன் பையில எங்கெங்க கிழிசல்னு சொல்லுவேன். நாம எங்க நிக்கறோம்னு ஒருநாள்கூட எனக்குத் தெரிஞ்சதில்ல."

"நீ கேட்டதே இல்லையே!"

"ஒருதரம் கேட்டேன். கீழ போட்டுருவேன்னு சொன்னே."

சொல்லியிருப்பாள். அவளுக்கே அந்தக் குரல் காதில் கேட்டது. "இன்னைக்கு எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நீ வருஷா வருஷம் முணுமுணுப்பே, பழசுக்கு மாத்தணும், புதுசுக்கு மாத்தணும்னு. கருவியில அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு கொரின் காட்டியிருந்தா." அவன் தோளைக் குலுக்கினான். "உன்னைத் தெரியும். கருவியை அவ சொல்லித் தந்தா. ரெண்டும் சேர்ந்துச்சு, பழசுக்கு மாத்திப் பார்த்தேன்."

ஆர்லெட்டுக்கு எதற்கு எரிச்சல்படுவது என்று தெரியவில்லை. முதல் பாதி இனித்தது, இரண்டாம் பாதி காந்தியது. "மூணு டின் காட்டுல கிடக்கு" என்றாள். "நாளைக்கு எடுக்கணும். தனியா போகக் கூடாது."

"கொரினைக் கூப்பிட்டுக்கோ."

"உதைப்பேன்."

மறுநாள் சர்ச் முடிந்து லாயிட் வந்தான். மழை விட்டிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் ஆர்லெட் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். கருவியை நீட்டினாள். அவன் பிடித்த பிறகும் அவள் விரல்கள் விடவில்லை.

"கொடுக்கறதுன்னா கொடு."

விட்டாள். "மேல இருக்கற பொத்தானை ரொம்ப நேரம் அழுத்தாதே. அப்புறம் அந்த டேப்—"

"ஆர்லெட்."

வாயை மூடிக்கொண்டாள். அவன் முன்னால் நடந்தான். கிளை பிரியும் இடத்தில் இடதுபக்கம் திரும்பினான், அது சுற்றுவழி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்தொடர்ந்தாள். மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் அவள் இந்தக் காட்டில் நடப்பது இதுதான் முதல் தடவை. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"இதோ." அவன் நின்று, அவள் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினான். பிறகு தன் பக்கமே திருப்பிக்கொண்டான்.

டின் கிடைத்தது. லாயிட் அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்த சிரிப்பை, அவன் ஆரஞ்சுத் திரைமேல் குனிந்தபோது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பக்கத்திலிருந்து பார்ப்பது இப்போதுதான். குளிர்கால ஜோடி மாறவில்லை. அவன் கொரினோடுதான் போவான். "மார்ச்சுல திரும்ப ஜோடி போடுவாங்க" என்று அவனே சொன்னான். "அப்ப பார்க்கலாம்."

"சரி, இப்ப கொடு" என்றாள் ஆர்லெட்.

"இன்னும் ரெண்டு டின் இருக்கு."

அவன் கட்டைவிரல் அவளுடைய பொத்தான்கள்மேல் தடவித் தடவி நடந்தது. தப்பான பொத்தானை அழுத்தினான், திருத்தினான், தனக்குள் ஏதோ முனகிக்கொண்டான். அவள் கைகளைக் கோட்டுப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, அவன் முதுகைப் பார்த்தபடி நடந்தாள்.