கத்துகிற காட்சிகள் எனக்கு

என் பெரியம்மா பதினாறு வயதில் மேடையேறினார். முதல் வேடமே மாமியார். மருமகளாக நடித்தவருக்கு இவரைவிடப் பத்து வயது கூட! அன்றைக்கு ஒட்டிய நரைமுடியைக் கழற்ற சினிமாக்காரர்களும் விடவில்லை. கதாநாயகர்களுக்கு அம்மாவானார், பிறகு அவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டியானார். எந்த வேடம் போட்டாலும் குரல் மட்டும் கொட்டகையின் கடைசி வரிசைக்கே போகும். வீட்டில் அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வருவார்.

அந்தக் குரலில் பேசித்தான் நான் பலகுரல்காரியாகக் கைதட்டல் வாங்கினேன்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் கரகரத்துவிட்டது. அதற்கு முன்பே நடித்து முடித்த ஒரு படத்துக்கு டப்பிங் பாக்கி இருந்தது. இயக்குநர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மா குரல்ல நீயே பேசிடும்மா. அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடு."

பக்குவமாகத்தான் சொன்னேன்.

"ஓஹோ! வாயசைக்கிறது நான், பேசறது நீயா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு டப்பிங் ஸ்டூடியோவுக்குக் கிளம்பிவிட்டார்.

முதலில் மகனைத் திட்டும் காட்சி. பேசி முடித்தேன். "அச்சு அசல்!" என்றார் இயக்குநர்.

"அசல் இங்கதான் உக்காந்திருக்கு" என்றார் பெரியம்மா.

அடுத்து, கோபித்துக்கொண்டு போன மகன் திரும்பி வருகிறான். "சாப்டியா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன்.

"ஏன்டி, ஊருக்கே பந்தி வைக்கிறியா?"

"நீங்க அப்படித்தானே பேசுவீங்க, பெரிம்மா?"

"அவன் பக்கத்துல நிக்கிறான்டி. நகரு."

மேடைப் பழக்கம், மைக்கைவிட்டுத் தள்ளியே நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பாதி வார்த்தையிலேயே குரல் உடைந்து இருமல் வந்தது. இயக்குநர் தரையைப் பார்த்தார்.

ஒலிப்பதிவாளர் எழுந்து வந்து மைக்கை அவர் உதட்டருகே நகர்த்தினார். "கத்தாதீங்கம்மா. எனக்கு மட்டும் கேட்டா போதும்."

பெரியம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு, மிச்சமிருந்த குரலில், "சாப்டியா?" என்றார்.

இயக்குநர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "முழுசும் நீங்களே பேசிடுங்கம்மா."

"முடியாதுப்பா. கத்துற சீனெல்லாம் இவளுக்கு. எனக்குத் தொண்டை இல்ல, இவளுக்கு அடக்கம் இல்ல."

அன்று மாலைவரை அந்தப் பையனை நான் திட்டினேன். அவர் சமாதானம் செய்தார்.