தாய்மாமனின் காது

14.11.2022 – விமான டிக்கெட், திருச்சி–சிங்கப்பூர்: ரூ. 9,870
14.11.2022 – பஞ்சு, ஒரு சுருள்: ரூ. 30 (வீண்)
03.06.2024 – பஸ், அரியலூர்–பெரம்பலூர், இருவர், போக வர: ரூ. 108
03.06.2024 – காது டாக்டர்: ரூ. 400
13.06.2024 – கமர்கட்டு, இருபது: ரூ. 40

அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பாறைக்கு வெடி வைப்பவன் மணிமாறன். வயது நாற்பத்தேழு. எந்தச் சத்தத்துக்கும் அசையாத காது தன்னுடையது என்று அவனே சொல்லிக்கொள்வான். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

தங்கை பூங்குழலி சிங்கப்பூரில் வாங்கிய வீட்டில் பால் காய்ச்சுவதற்காக 2022 நவம்பரில் முதல் முறை விமானம் ஏறினான். அன்று அவனுக்கு நல்ல சளி. குவாரிப் பழக்கத்தில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு குறட்டை விட்டான். விமானம் இறங்கத் தொடங்கிய பதினோராவது நிமிடம் அவன் போட்ட அலறலில், பின்வரிசையில் தண்ணீர் குடித்தவருக்குப் புரையேறியது. மாரடைப்பென்று ஓடிவந்த பணிப்பெண்ணிடம் காதைத் தொட்டுக் காட்டினான். வலது காது நான்கு நாள் அடைத்தே கிடந்தது. ஊர் திரும்பியதும், இனி ரயில் போகாத ஊருக்குப் போவதில்லை என்று சபதம் செய்தான்.

“பெரம்பலூருக்கே ரயில் கெடையாதுங்க” என்றாள் மனைவி ஜெயசுதா.

06.05.2024 அன்று பூங்குழலியின் மாமியார் அனுசுயாவிடமிருந்து மஞ்சள் தடவிய கடிதம் வந்தது. மகனோடு சிங்கப்பூரில் இருந்தாலும், முறை சார்ந்த விஷயத்தைப் போனில் சொல்வதை அந்த அம்மாள் ஒப்புக்கொள்வதில்லை. ஜூன் 16, ஞாயிறு, பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டும். குழந்தைக்கு இருப்பதே ஒரு தாய்மாமன்.

குவாரியில் லீவு இல்லை என்று மணிமாறன் தங்கையிடம் போனில் புளுகினான். மாமியாரின் பதில் 24.05.2024 அன்று தபாலில் வந்தது: “தம்பிக்குச் சௌகரியமில்லை என்றால் பாதகமில்லை. எங்கள் பக்கத்துப் பையன் முத்தமிழ்செல்வன் மடியில் உட்காரவைத்துக்கொள்கிறோம். அவனுக்குக் காது நன்றாக இருக்கிறது.”

மணிமாறன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. தன் மருமகள் எவனோ ஒருவன் மடியில் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஆயுசுக்கும் தங்கை வீட்டுச் சுவரில் தொங்கும்.

“பச்சப்புள்ள காதுல ஓட்ட போடப்போறாங்க, அது பேசாம இருக்கு. உங்களுக்குத்தான் வலிக்குதாம்!” என்றாள் ஜெயசுதா. “கெளம்புங்க, டாக்டர பாத்துட்டு வருவோம்.”

பெரம்பலூர் டாக்டர் ஹேமலதா இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

“பஞ்சு சத்தத்தத்தான் கொறைக்கும். மூக்குக்குப் பின்னாடியிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. விமானம் எறங்கும்போது வெளிக்காத்து அழுத்தும். அந்தக் குழாய் தொறந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமமாகும். சளியோட தூங்கினா எப்படித் தொறக்கும்? சரி, குவாரியில வெடிக்கும்போது என்ன பண்ணுவீங்க?”

“காதப் பொத்திட்டு வாயப் பொளந்துக்குவோங்க.”

“அங்கயும் வாயைத் தொறந்திருக்கலாமே?”

“அத்தன பேருக்கு முன்னாடியா? மரியாத என்னாவறது மேடம்?”

“இவரு அலறினப்ப மட்டும் மரியாத வாழ்ந்துச்சாக்கும்!” என்றாள் ஜெயசுதா.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: இறங்கும்போது தூங்கக் கூடாது. மிட்டாய் சப்பி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், கொட்டாவி விடலாம். அடைத்தால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊத வேண்டும். பலமாக ஊதினால் காதுக்கே கேடு. சளி பிடித்தால் ஏறுமுன் வந்து பார்க்க வேண்டும்.

சளி பிடித்துவிடும் என்று பதினொரு நாள் மணிமாறன் மோர்கூடத் தொடவில்லை. ஜூன் 14 அன்று விமானம் இறங்கத் தொடங்கியதும் முதல் கமர்கட்டை வாயில் போட்டான். தரை தொடுவதற்குள் ஒன்பது கமர்கட்டு, பதினான்கு கொட்டாவி. குவாரியில் திறப்பதைவிடப் பெரிதாக வாயைத் திறந்தான். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். காதில் ‘பொட்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வலியில்லை.

ஞாயிறு காலை 9.40-க்கு மருமகள் அவன் மடியில் உட்கார்ந்தாள். ஊசி பட்டதும் அவன் வலது காதோடு வாய் வைத்து அலறினாள். மணிமாறன் அசையவில்லை. முத்தமிழ்செல்வன் போட்டோ எடுத்தான்.

அடுத்த வாரமே அனுசுயா மறுபடியும் மஞ்சள் தடவி எழுதினாள்: “பூங்குழலி முழுகாமல் இருக்கிறாள். அடுத்த பிள்ளைக்கும் மடி உங்களுடையதுதான், தம்பி. இதற்குமேல் இந்த விஷயமாக நான் எழுதுவதாக இல்லை.”

அந்தக் கடைசிக் கடிதம் அரியலூர் வந்து சேர்ந்த நாள் 09.07.2024.